ஐந்நூறுக்கு அந்தப் பக்கம்

— டார்ச்ச என் மூஞ்சில அடிக்காத வினி. மீட்டரு மேல அடி.

— இந்தப் படிக்கட்டு இருட்டுல மீட்டர் மேலதான் அடிக்கறேன். நீங்கதான் நடுவுல தலையை நீட்டறீங்க. ஸ்டூல் ஆடுது, பார்த்து நில்லுங்க. என்ன காட்டுது?

— இரு... நானூத்தி... நானூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு.

— என்னது?

— தொண்ணூத்தி ஒண்ணுமே! தொண்ணூத்தி ஒண்ணு!

— மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கீழ இறங்கி வந்து சொல்லுங்க.

— நானூத்தித் தொண்ணூத்தி ஒண்ணுன்றேன். நேத்து இதே நேரத்துக்கு எண்பத்தஞ்சு. காலண்டர்ல குறிச்சு வெச்சிகீறேன். ஒரே நாள்ல ஆறு யூனிட்டு வினி. நம்ம வூட்ல இன்னா ஓடுது, நீயே சொல்லு. ஃபிரிட்ஜ நிறுத்தி ஒம்போது நாளாச்சு.

— ஒம்போது நாளா அதுக்குள்ள உங்க சட்டையைத்தான் மடிச்சு வெச்சிருக்கேன். வெங்காய வாசனையோட கம்பெனிக்குப் போறீங்க.

— டீவி கெடியாது. மிக்ஸி கெடியாது. ஃபேனு நைட்டு பத்து மணிலேர்ந்து ரெண்டு மணி வரிக்கும், அதுவும் ஒத்த ஃபேனு. அப்பால மொட்டை மாடி. கொசு என்ன தூக்கினு மேடவாக்கம் வரிக்கும் போயிட்டு திரும்பக் கொண்டாந்து போடுது. இவ்ளோ பேஜாரும் பட்டு, ஆறு யூனிட்டு எப்டி ஏறுது? யாரு துன்றா?

— என்னை ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

— வேற யார பாக்கறது? வூட்ல நீயும் நானும்தான் கீறோம்.

— ஆறாம் தேதி ரீடிங் எடுக்கறவங்க வந்தப்பவே எடுத்துட்டுப் போயிருந்தா இந்த வம்பே இல்ல. வெளி கேட்டைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகிட்டுப் போனது யாரு? அந்தப் பொண்ணு கேட்டுக்கு வெளியில நிக்குது, நான் உள்ளேர்ந்து கத்தறேன், எதுத்த வீட்டுல எல்லாரும் வேடிக்கை பார்க்கறாங்க.

— சைக்கிளு திருட்டுப் போவுதுன்னு ஹவுஸ் ஓனரு துளசிங்கம் சார்தான் பூட்டச் சொன்னாரு.

— பொண்டாட்டியை உள்ள வெச்சு வெளியிலேர்ந்து பூட்டச் சொன்னாரா?

— சரி வுடு. இன்னிக்கு பதினஞ்சு. இன்னும் அவங்க வர்ல. புது மீட்டரு, ரெண்டு மாசம் முன்ன சைபர்லேர்ந்து ஆரம்பிச்சுது, ஐந்நூறுக்கு ஒம்போதே யூனிட்டுதான் பாக்கி. ஐந்நூத்தி ஒண்ணு ஆச்சுன்னு வெய்யி, முன்ன ஓடுனதுக்கும் சேத்து ரேட்ட ஏத்திடுவாங்க. டபுளா வரும்னு கம்பெனில ஆல்வின் சொன்னான்.

— அவருக்கு எல்லாமே டபுள்தான்.

— சிரிக்காத. ஓவர்டைம் நின்னு ரெண்டு மாசம் ஆவுது. திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல பாதி ஷெட்டு ஒரே ஷிஃப்ட்டுதான் ஓடுது. வர்ற சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாப் போவுது. இதுல டபுளு பில்லு வந்தா எங்கேர்ந்து எடுத்துக் கட்டுவேன்?

— சரிங்க, மீட்டரை அப்புறம் பார்க்கலாம். பிரிட்டோ அண்ணனுக்கு ஆறு மணிக்குள்ள பதில் சொல்லணும். இப்ப மணி நாலு.

— அதான் வேணாம்னு சொல்ட்டேனே.

— எப்ப சொன்னீங்க? யோசிக்கறேன்னு சொன்னீங்க.

— யோசிச்சேன். வேணாம்.

— முழுசாக் கேளுங்க. கிழக்குத் தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துல அவருக்கு ரெண்டு டிபன் வண்டி. மாவு அரைச்சுக் குடுத்தவரு ஓசூருக்குப் போறாரு. திங்கக்கிழமைலேர்ந்து தினம் இருபத்தஞ்சு கிலோ மாவு வேணும். என்கிட்ட வந்து கேக்கறாரு. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள நான் சரின்னு சொல்லலைன்னா, சேலையூர்ல ஒருத்தர்கிட்ட பேசிடுவாரு.

— பேசட்டும். இருபத்தஞ்சு கிலோ மாவுக்கு கிரைண்டரு எத்தினி மணி நேரம் ஓடணும்? இந்த மே மாசத்துல ஃபிரிட்ஜு இல்லாம மாவு நிக்குமா? ஃபிரிட்ஜு போட்டா ஒரே நாள்ல ஒம்போது யூனிட்டும் காலி.

— ஃபிரிட்ஜு அவ்வளவெல்லாம் இழுக்காது.

— அப்ப எது இழுக்குது? நீயே சொல்லு. ஒம்போது நாளா ஒண்ணும் ஓடல, ஆனா முள்ளு ஓடிகினே கீது.

— முள்ளே இல்ல, அது நம்பர் மீட்டர்.

— வினி.

— என்ன?

— உன் கையக் குடு.

— எதுக்கு?

— குடுமே... ம்ம். உளுந்து வாசனை.

— இட்லிக்கு ஊறப் போட்டிருப்பேன்.

— பத்து நாளா வூட்ல இட்லியே சுடல நீ. காத்தால கஞ்சி, நைட்டு கோதும ரவை. இட்லியே இல்லாத வூட்ல உளுந்து வாசனை எப்டி வரும்? சொல்லு. நான் திட்ட மாட்டேன்.

— திட்டுவீங்க.

— திட்ட மாட்டேன்ன்றேன்ல!

— பார்த்தீங்களா, இப்பவே கத்தறீங்க.

— சரி. இந்தா, படிக்கட்டுல உக்காந்துட்டேன். சொல்லு.

— பன்னெண்டு நாளா அரைக்கறேன். நீங்க ஷிஃப்டுக்குப் போனதும் ஊறப் போட்டு, பத்து மணிக்கு கிரைண்டரைப் போட்டா பன்னெண்டரைக்கு முடிஞ்சுடும். தினம் பத்து கிலோ மாவு. பிரிட்டோ அண்ணன் அவரு வண்டியில வந்து வாங்கிட்டுப் போவாரு. சாம்பிளுக்குன்னு ஒரு நாள்தான் கேட்டாரு. மறுநாள், நாளைக்கும் குடும்மான்னாரு. அப்படியே போயிடுச்சு.

— பன்னெண்டு நாளா.

— ஆமா.

— நான் ஃபிரிட்ஜ ஆஃப் பண்றேன். ஃபேன ஆஃப் பண்றேன். மாடில வேர்வைல ஊறிகினு, நம்ம குடும்பத்துக்காவதான்னு எனக்கு நானே சொல்லிக்கினு படுத்துகீறேன். நீ இங்க சோக்கா கிரைண்டர் ஓட்டிகினு கீறே.

— சோக்கா ஒண்ணும் ஓட்டல. ஃபிரிட்ஜ் இல்லாம மாவு புளிக்காம வெக்கறது என்ன பாடுன்னு தெரியுமா உங்களுக்கு? கீழ்ப் போர்ஷன் ரத்தினபாய் அக்காகிட்ட தினம் ஐஸ் வாங்கி, ஐஸ் தண்ணியா ஊத்தி ஊத்தி அரைப்பேன், கல்லு சூடாகிடக்கூடாதுன்னு. அரைச்சதும் குண்டானைத் தண்ணித் தொட்டியில வெச்சு, ஈரத்துணியைச் சுத்தி, அவரு வண்டிச் சத்தம் கேக்கற வரைக்கும் பிரசவத்துக்குக் காத்திருக்கற மாதிரி உக்காந்திருப்பேன். ஒரு நாள்கூட புளிச்சு வரல. ஒரு நாள்கூட.

— ஏன் எங்கிட்ட சொல்லல?

— சொன்னா வேணாம்னுவீங்க.

— வேணாம்னுதான் சொல்லுவேன்!

— அதான் சொல்லல. பாருங்க, நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாம கேளுங்க. ஓவர்டைம் நின்னதுலேர்ந்து நீங்க சொல்றது ஒரே வார்த்தைதான். கொறைப்போம். பாலைக் கொறைச்சோம். டீவி கனெக்‌ஷனை நிறுத்தினோம். நீங்க டீ குடிக்கறதை விட்டுட்டு, தலைவலின்னு ஒரு வாரம் சுவத்துல முட்டிக்கிட்டீங்க. ஸ்கூல் தொறந்ததும் வேன் வேணாம், நடந்தே போகட்டும்னீங்க. அப்புறம் புழுக்கத்துல புள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வந்துடுச்சுன்னு, தேவதர்ஷினியைக் கொண்டுபோய் பல்லாவரத்துல உங்க அக்கா வீட்டுல விட்டீங்க. அங்க ஃபேன் ஓடுதுன்னு. கடைசியில புள்ளையையே கொறைச்சுட்டோம். இனிமே இந்த வீட்டுல கொறைக்கறதுக்கு நீங்களும் நானும்தான் பாக்கி. அதான் ஏதாவது ஒண்ணை ஏத்திப் பார்க்கலாமேன்னு நெனச்சேன். ஒரே ஒண்ணு. தப்பா?

— தப்புன்னு யார் சொன்னா. பயம்மா கீது வினி.

— என்ன பயம்?

— எங்கப்பா இப்டித்தான். கையில இருந்த காசுக்கு அடக்கமா இருந்தவரைக்கும் ஒண்ணும் ஆவல. லோடு வண்டி எடுக்கறேன், பெருசாப் பண்றேன்னு போனாரு. முடிச்சூர்ல இருந்த அரை கிரவுண்டும் போச்சு. இன்னிக்கு அந்த எடத்துல மூணு மாடி நிக்குது, நான் அது வழியா சைக்கிள்ல போறேன். அதுலேர்ந்து எனக்கு ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டத் தாண்டுனா போச்சு. அதான் இந்த ஐந்நூற புடிச்சுகினு தொங்கறேன்.

— உங்கப்பா கடன் வாங்கினாரு. நான் கிரைண்டர் வாங்கக்கூட கடன் வாங்கல. எங்க அம்மா கல்யாணத்துக்குக் குடுத்த கிரைண்டர் அது.

— எவ்ளோ கெட்ச்சுது?

— அரிசி உளுந்து செலவு போக ரெண்டாயிரத்து எழுநூறு. மிளகாய்த்தூள் டப்பாவுல இருக்கு.

— ரெண்டாயிரத்து... எழுநூறா?

— ஏன், கம்மியா?

— கம்மியா? நான் ரெண்டு மாசமா ஓவர்டைம் குடுங்கன்னு சூப்பர்வைசர் பின்னாலயே அலையறேன். நீ ஐஸ் தண்ணி ஊத்தி... சரி. இரு. அது இருக்கட்டும். அப்ப ஆறு யூனிட்டும் கிரைண்டர்தான்.

— இல்ல.

— இன்னா இல்ல?

— அது சின்ன கிரைண்டர். ரெண்டரை மணி நேரம் ஓடினா அரை யூனிட்டுகூட ஆகாது. பிரிட்டோ அண்ணனுக்கு வெலை சொல்றதுக்கு முன்னாடி அதெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். மீதி அஞ்சரை யூனிட்டுக்கு நான் பொறுப்பில்ல. நீங்கதான் சொல்லணும்.

— நானா? நான் இன்னா பண்ணேன்?

— புதன்கிழமை காலையில நீலச் சட்டை போட்டுட்டுப் போனீங்க. ஃபிரிட்ஜுல வெச்சிருந்த சட்டை. கோடு போட்ட மாதிரி மடிப்பு நின்னுச்சு. நான் குளிக்கப் போன நேரத்துல அயர்ன் பண்ணீங்களா இல்லையா?

— அது வந்து... ஒரு அஞ்சு நிமிஷம்.

— கம்பெனிக்கு என்னைக்கு நீங்க அயர்ன் பண்ணிப் போட்டுட்டுப் போனீங்க? அங்க போனதும் காக்கிச் சட்டைதானே?

— அன்னிக்கு கம்பெனிக்குப் போவல.

— எங்க போனீங்க?

— மறைமலைநகர் பக்கம் ஒரு கம்பெனில ஆள் எடுக்கறாங்கன்னாங்க. போய் நின்னேன். நாப்பத்தி மூணு வயசா, முப்பத்தஞ்சு வரைக்கும்தான் எடுப்போம்னாங்க. சட்ட நல்லா இருக்குன்னு வாட்ச்மேன் மட்டும் சொன்னாரு.

— என்கிட்ட சொல்லவே இல்லையே.

— நீ மட்டும் சொன்னியா?

— சரி. அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு. வெங்காய வாசனை அடிச்சுதுன்னு ஒண்ணும் சொல்லலையே அங்க?

— வுடுமே. சிரிப்பு மூட்டாத.

— ஆனா கணக்கு இன்னும் இடிக்குதுங்க. அயர்ன் பாக்ஸ் அஞ்சு நிமிஷம், கிரைண்டர் அரை யூனிட்டு, ஃபேன் கொஞ்சம். அப்படியும் ஆறு வரலையே.

— சார், கேட்டு தொறந்திருக்கு, உள்ள வரலாமா?

— யாரும்மா?

— ரீடிங். ஜோசலின். போன வாரம் வந்தேன், மேடம் கேட்டுக்கு உள்ள நின்னுட்டு சாவி இல்லைன்னு அழாத குறையா சொன்னாங்களே, ஞாபகம் இருக்கா?

— வாம்மா, வா வா! வினி, தண்ணி எட்தா. மேடம், சீக்கிரம் எடுத்துடுங்க, நானூத்தித் தொண்ணூத்தி ஒண்ணுதான், இப்பத்தான் பாத்தேன். தொண்ணூத்தி ரெண்டு ஆவறதுக்குள்ள குறிச்சுக்குங்க.

— ஒரு நிமிஷம் சார், ஓடிப் போயிடாது. நீங்க எந்தப் போர்ஷன்?

— மாடி. மூணாம் நம்பரு. இதோ, சுவத்துலயே பெயிண்ட்ல எழுதிகீதே, மூணுன்னு.

— சார், சுவத்துல இருக்கறது பழைய மீட்டருக்கு எழுதினது. ரெண்டு மாசம் முன்னாடி புதுசு மாத்தினப்ப வரிசை மாறிடுச்சு. ஹவுஸ் ஓனர்கிட்ட திரும்ப எழுதச் சொல்லி அப்பவே சொல்லியாச்சு. அவரு எழுதலையா?

— துளசிங்கம் சாரா? அவரு பெயிண்ட் டப்பா வாங்கணும்னா திருப்பதிக்கு வேண்டிக்கிட்டுத்தான் வாங்குவாரு.

— வினி, சும்மா இரு. மேடம், அப்ப இது யாரு மீட்டரு?

— இது பொது மீட்டர் சார். தண்ணி மோட்டாரும் மாடிப்படி லைட்டும்.

— மோட்டாரா?

— ஆமா. இப்பக்கூட ஓடுதே, கேக்கலையா?

— என்னங்க... நாம ஃபேனை நிறுத்தி நிறுத்தி தண்ணி மோட்டாரையா பார்த்துட்டு இருந்தோம்?

— ஒம்போது நாளா. டார்ச்சு அடிச்சு.

— காலண்டர்ல வேற குறிச்சு வெச்சீங்க.

— அத்த வுடு. மேடம், எங்களுது எது?

— கடைசியில இருக்கு பாருங்க, அது. உங்க கார்டைக் கொண்டுவாங்க மேடம், நம்பரை ஒத்துப் பார்த்துடலாம்... ஆங், கடைசி மூணு நம்பர் சரியா இருக்கு. இதான் உங்களுது.

— நீங்களே படிங்க மேடம். நான் பாக்கல.

— ஐந்நூத்தி முப்பத்தேழு.

— என்னங்க, டார்ச்சை எதுக்குப் பிடுங்கறீங்க? அதேதான் காட்டுது.

— தாண்டிட்டோமா?

— தாண்டிட்டீங்க சார்.

— எப்ப?

— அது எனக்கு எப்படி சார் தெரியும்? மீட்டர்ல தேதியெல்லாம் வராது.

— எனக்குத் தெரியுதுங்க. பாருங்க, ஒம்போது நாளா நாம ஒண்ணுமே ஓட்டல. ஒம்போது நாளைக்கும் சேர்த்து கூட்டினாலும் பதினஞ்சு இருபதுக்கு மேல போயிருக்காது. அப்படின்னா, ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணோமே, அன்னிக்கே நாம ஐந்நூறைத் தாண்டிதான் இருந்திருக்கோம்.

— அதாவது, தாண்டுனதுக்கு அப்பால, தாண்டக்கூடாதுன்னு...

— மாடியில படுத்திருக்கோம்.

— கொசு கையில கடி வாங்கிகினு.

— ஆமா.

— அந்தக் கோடு எங்கயோ முன்னாடி கீதுன்னு நெனச்சுகினு இருந்தேன் வினி. அது முதுகுக்குப் பின்னால கீது.

— சார், பில் வந்துடுச்சு. மெசேஜ் உங்க போனுக்கே வந்திருக்கும். ரெண்டாயிரத்து நானூத்திச் சொச்சம்.

— ரெண்டாயிரத்து நானூறா? டபுள் இல்லியா?

— டபுள்னு யார் சொன்னது? ஐந்நூறுக்குள்ள நின்னிருந்தா ஒரு ஐந்நூத்தம்பது ரூபா கம்மியா வந்திருக்கும். அவ்வளவுதான்.

— ஐந்நூத்தம்பது ரூபாய்க்கா... ஐந்நூத்தம்பது ரூபாய்க்கா வினி எம் புள்ளைய பல்லாவரத்துல கொண்டுபோய் வுட்டேன்?

— இருங்க. ஜோசலின் மேடம் இருக்காங்க. கண்ணைத் துடைச்சுக்குங்க.

— பரவாயில்ல மேடம். பில்லைப் பார்த்து அழறவங்களை தினம் பார்க்கறேன். கம்மியா வந்துடுச்சுன்னு அழற முதல் ஆள் இவருதான். நான் கிளம்பறேன், பின்னாடித் தெருவுல இன்னும் நாப்பது வீடு இருக்கு.

— தண்ணி குடிச்சுட்டுப் போங்க. வெயில் கொளுத்துது... கேட்டைத் தொறந்தே வெச்சுட்டுப் போங்க, பூட்ட வேணாம்.

— வினி.

— ம்.

— அந்த டப்பா காசுல பில்லக் கட்டிட்டா, முந்நூறு கிட்ட நிக்குது. இல்ல?

— நிக்குது. ஆனா அதை நீங்க எடுக்காதீங்க. அதுல உளுந்து வாங்கணும். வாங்கணும்னு நெனச்சிருந்தேன்... அதான், நீங்க சரின்னு சொன்னா.

— உன் போன குடு.

— எதுக்கு?

— பிரிட்டோ நம்பரு அதுலதான கீது?

— இருங்க. வேணாம்னு சொல்லப் போறீங்களா? அப்படின்னா நானே சொல்லிக்கறேன். பன்னெண்டு நாளா நான் அரைச்ச மாவை நம்பி எடுத்துட்டுப் போன மனுஷன். அவருகிட்ட வேணாம்னு சொல்றதா இருந்தா, என் வாயாலதான் சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது.

— குடுன்றேன்ல.

— கோவத்துல ஒண்ணும் பேசிடாதீங்க.

— கோவமா கீற மாதிரியா தெரியுது எம் மூஞ்சி?

— தெரியல. அழுது அழுது வீங்கிக் கிடக்கு. பெரிசா ஒண்ணும் கேக்கலைங்க நான். ஒரு மாசம் பார்ப்போம். ஒத்து வரலைன்னா நானே கிரைண்டரைத் தொடைச்சு மேல ஏத்தி வெச்சுடறேன்.

— ரிங் போவுது. சும்மா இரு.

— என்னங்க...

— அலோ, பிரிட்டோ அண்ணனா? வணக்கம்ணா. வினிதா மாவுக்கடைலேர்ந்து பேசறேன்... நானா? நான் மாவு கொண்டாற ஆளுண்ணா, திங்கக்கிழமை எத்தினி மணிக்கு வேணும்?